தண்ணீர் கூடிய பாகு

கண் ஆஸ்பத்திரி வாசலில் ஜூஸ் குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. உள்ளே சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியட்டும் என்று வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். வெயில் கூசும், எதிரே நிற்கிறவன் முகம் புகை மாதிரி தெரியும். அந்த நிலைமையில் இருக்கிறவன் கையில் டம்ளரைக் கொடுத்தால் உள்ளே இருப்பது எலுமிச்சை ஜூஸா, பாத்திரம் கழுவின தண்ணியா என்று அவன் எப்படிப் பார்ப்பான்? இதுதான் டெஸ்டரின் வாதம். இந்த வாதத்தை வைத்துக்கொண்டுதான் அவர் அந்த ஜூஸ் கடைக்கு வீட்டிலிருந்தே சர்க்கரைப் பாகு காய்ச்சி எடுத்துப் போனார்.

டெஸ்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். மெயினை அணைத்தாயிற்று என்று முதலாளியே வந்து சத்தியம் செய்தாலும், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கரண்ட் இருக்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். கூட வேலை பார்த்தவர்களில் அடுத்தவன் பேச்சை நம்பிக் கை வைத்தவர்கள் இப்போது சுவரில் போட்டோவாகத் தொங்குகிறார்கள். இவர் இருக்கிறார். ஆகவே சந்தேகம் என்பது அவருக்குக் கெட்ட குணம் இல்லை, தொழில். தொழிலை விட்டபிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பால், தராசு, மாத்திரை, வானிலை அறிக்கை என்று கண்டதன் மேலும் வைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டில் ஜாகை. இரண்டாவது மாடி. மகள் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்தாள். மாப்பிள்ளை காலையில் போனால் விளக்கு வைத்தபின்தான் வருவார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது. ஆனால் அவர் வெளியே கிளம்பும்போதும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. ஒரு மனிதன் போனதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் அவன் போனால் என்ன, வந்தால் என்ன.

பாகு காய்ச்சுவது பெரிய வித்தையில்லை. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அடி கனத்த பாத்திரம், நிதானமான தீ. சர்க்கரை கரைந்து தண்ணீர் தெளிந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஆசைப்பட்டு மேலும் கொதிக்கவிட்டால் ஆறினபின் கல்லாகிப் பாட்டிலை விட்டு வெளியே வராது. டெஸ்டர் சர்க்கரையையும் நம்புகிறவர் இல்லை. கொதிக்கும்போது ஒரு கரண்டி பாலை விடுவார். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு நுரை மேலே திரண்டு வரும். அதைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்து மகளிடம் காட்டுவார்.

"பார்த்தியா? இதெல்லாம் நம்ம வயித்துக்குள்ள போயிருக்கும்."

"போகட்டும்ப்பா. எத்தனையோ போகுது, இதுவும் போகட்டும். அடுப்படி மேடையை எறும்புக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்ட. அதைத் துடைச்சுட்டுப் போ."

வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் அலசிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி, நன்றாக ஆறும்வரை மூடாமல் காத்திருப்பார். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து உள்ளேயே சொட்டும், சீக்கிரம் கெட்டுவிடும்.

முதல் நாள் அந்தப் பாட்டிலைக் கடைப் பலகை மேல் வைத்தபோது ஜூஸ்காரம்மா அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பாள், வாய் சும்மா இருக்காது.

"என்ன இது, கண்ணுக்கு ஊத்துற மருந்தா?"

"பாகு. நானே காய்ச்சினது. எலுமிச்சையை மட்டும் நீ பிழிஞ்சு விடும்மா. இனிப்புக்கு இதை ஊத்து."

"ஏன், என் பாகுல விஷமா வச்சிருக்கேன்?"

"யார் கண்டா?"

பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குப் புரையேறிவிட்டது. அவள் கோபப்படுவாள் என்று டெஸ்டர் எதிர்பார்த்தார். அவர் பேச்சுக்கு எல்லோரும் கோபப்பட்டுத்தான் பழக்கம். அவள் சொன்னாள்: "அப்ப எலுமிச்சம்பழத்தையும் நாளையிலிருந்து நீங்களே கொண்டாந்துடுங்க. டம்ளரும் கொண்டாங்க. நான் ஓரமா உக்காந்து வேடிக்கை பார்க்கறேன்."

சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "கசடே இல்லையே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. யாரு சொன்னாலும் நான் கேக்கறதில்லை."

"அது தெரியுது" என்றாள்.

அன்றிலிருந்து பாட்டில் அவளுடைய கடை மூலையிலேயே இருந்தது. மற்ற யாருக்கும் அதிலிருந்து ஊற்ற மாட்டாள். அவர் வந்து நின்றதும் கேட்காமலே பிழிந்து, அந்தப் பாகை ஊற்றி, "இந்தாங்க, விஷமில்லாத ஜூஸ்" என்று நீட்டுவாள். வருகிற ஆண்கள் அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன்தான். வாட்ச்மேன் அண்ணே, ஆட்டோ அண்ணே, கண்ணில் மருந்தோடு தடுமாறி வருகிறவனும் பார்த்து வாங்கண்ணே. இவர் ஒருவரை மட்டும் டெஸ்டர் என்றாள். இதை அவர் கவனித்திருந்தார். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது?

ஒரு நாள் காலை அவள் தன் கடைப் பாகைக் கொதிக்கக் கொதிக்க இறக்கும்போது பாத்திரத்தின் பிடி கழன்றுவிட்டது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிடாது. ஒட்டிக்கொண்டு சுடும். வலது மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. டெஸ்டர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். அந்த வயதில் ஒரு மனிதர் பலகையைத் தாண்டுவார் என்று வாட்ச்மேன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். தாண்டினார். அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்.

"விடுங்க, குடிக்கிற தண்ணி!"

"குடிக்கிறவன் நாளைக்குக் குடிப்பான். கையை எடுக்காத."

எதிரேயே ஆஸ்பத்திரி, ஆனால் கண் ஆஸ்பத்திரி. தெருக்கோடி டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாளே கடையைத் திறந்துவிட்டாள். இடது கையால் பிழியும் கட்டையை அமுக்கினாள். அன்றைக்கு மட்டும் பழத்தை டெஸ்டர் நறுக்கிக் கொடுத்தார். பாகுதான் தகராறு. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அடுப்புக்கிட்டே போகப் பயந்தாள்.

"டெஸ்டர், ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"கேளு, பார்க்கலாம்."

"பார்க்கலாமாம்! கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கடைக்கும் சேர்த்து நீங்க பாகு காய்ச்சிக் குடுங்க. சர்க்கரை நான் அளந்து தர்றேன். ஊர்ல யாரையும் நம்பாத ஆளு, உங்களை நான் நம்பறேன். உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

கஷ்டமா! வீட்டில் இருந்த பெரிய பாத்திரத்தை அன்றைக்கே தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். மகள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கல்யாண வீட்டுக்கா காய்ச்சற?"

"கடைக்கு."

"யார் கடைக்கு?"

"ஒரு கடைக்கு. நீ தை."

அதற்கப்புறம் அவர் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆள் இல்லை. அந்தப் பக்கம், உள்ளே, பழக்கூடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். உள்ளே இருந்து பார்த்தால் தெருவே வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாள் கடையைச் சந்தேகப்பட்டவர், இப்போது வருகிறவனைச் சந்தேகப்பட்டார். இவன் டம்ளரைத் திருப்பிக் கொடுப்பானா, அவன் சில்லறை சரியாகத் தருவானா. ஒரு நாள் வழியில் ஊர்வலம் ஏதோ போனதால் பாட்டிலோடு நின்று தாமதமாக வந்தார். அவள் எலுமிச்சை பிழிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏன் இன்னிக்கு இவ்வளவு லேட்டு?"

அவர் பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியில் முகத்தைக் கழுவினார். அன்று முழுக்க அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்தது. ராத்திரி படுக்கும்போது திரும்ப ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டார். அதட்டுகிற குரல்தான். ஆனால் அதட்டக்கூட ஒருத்திக்கு அவர் எப்போது வருவார் என்று ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டுமே.

வினை இங்கேதான் தொடங்கியது. ஒரு தடவை காய்ச்சிக் கொண்டுபோகும் பாகு கடைக்கு மூன்று நான்கு நாள் வந்தது. பாகு இருக்கிற நாளில் அவர் என்னவென்று போய் உள்ளே உட்காருவார்? வெறும் கையோடு போனால் பலகைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும், குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். உள்ளே வாங்க என்று அவள் சொல்லுவாளோ என்னவோ. சொல்லாவிட்டால்? சந்தேகம் அவருக்குத் தொழில் என்று முன்னமே சொல்லியாயிற்று. தன்னை ஒருத்தி விரும்பி வரச்சொல்லுவாள் என்பதை அவர் எந்த டெஸ்டரை வைத்துப் பார்ப்பது?

ஒரு காலை அடுப்பு முன்னால் நின்றவர் ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். கை தானாக ஊற்றியது என்று சொல்லலாம், ஆனால் கை தானாக எதையும் ஊற்றாது. பாகு நீர்த்தால் இனிப்புக்கு இரண்டு கரண்டி விடவேண்டி வரும். பாட்டில் சீக்கிரம் காலியாகும். காலியானால் அடுத்த பாட்டிலோடு போகலாம். அளந்து கொடுத்த சர்க்கரையில் மிஞ்சியதை மகளின் பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டி மூடினார். அடுத்தவள் பொருள், தொடக் கூடாது. அதில் மட்டும் அவர் நேர்மை தவறவில்லை. இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. "வெயில் ஏற ஏற சனங்க இனிப்பு ஜாஸ்தி கேக்குது. உங்க பாகு பறக்குது டெஸ்டர்" என்றாள். "நாளைக்கும் கொண்டாந்துடுங்க."

"கொண்டாந்துட்டாப் போச்சு."

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவள் தன் கதையைச் சொன்னாள். கேட்டு வாங்கியதில்லை, பழக்கூடையைப் பார்த்துக்கொண்டு அவளாகச் சொன்னது.

"எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல பாதி நாள் நைட் டூட்டி. நானும் டிபன் அடுக்குல சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்புவேன். பாவம், ராத்திரி முழிச்சு வேலை செய்யற மனுஷன்னு ஒரு முட்டை அதிகமா வைப்பேன். கடைசில பார்த்தா டூட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற ஒரு வீடு. நான் கட்டிக் குடுத்ததை அங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. அதிகமா வச்ச முட்டை யாருக்குப் போச்சுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்."

அவள் சிரிக்கவில்லை.

"அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன் டெஸ்டர். ஏமாத்தினதை மட்டும் எனக்கு மறக்கத் தெரியல. அதான் உங்களை எனக்குப் பிடிச்சுது. மூஞ்சிக்கு நேரா விஷம்னு சொன்ன ஆளு."

டெஸ்டருக்கு ஸ்டூலில் உட்கார முடியவில்லை. நாளைக்கே ஒன்றுக்கு ஒன்று என்று பழைய அளவுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்து எழுந்தவரிடம் அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அடுத்த வாரம் பிரிச்சுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்கும் இந்த அடுப்பு வேலையிலிருந்து விடுதலை."

"அவசரப்பட்டுப் பிரிக்காத. தோல் சரியா சேரணும். டாக்டருங்க எல்லாம் அவசரக்காரனுங்க."

"டாக்டரையுமா!" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பெண்ணின் வெந்த கை ஆறக்கூடாது என்று நினைக்கிறவன் மனுஷனா? நினைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை அடுப்பின் முன்னால் நின்றபோது, மிச்சம் இருப்பது ஒரு வாரம்தானே என்று தோன்றியது. ஒரு வாரத்தில் எத்தனை தடவை போகமுடியுமோ அத்தனை தடவை. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினார். பிஸ்கட் டப்பா விளிம்புவரை வந்துவிட்டது.

அந்தப் பாகைக் கொண்டுபோய் வைத்த அன்று சாயங்காலம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஆள் வரவில்லை, கடையும் திறக்கவில்லை. டெஸ்டர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். பாகு காய்ச்சத் தெரிந்த மனிதர் அந்த இரண்டு நாளில் ஒரு தடவையாவது நினைத்திருக்க வேண்டும்: சர்க்கரை கெட்டியாக இருக்கிறவரைதான் பாகைக் காப்பாற்றும், நீர்த்துப் போனால் அது வெறும் இனிப்புத் தண்ணீர், மூடிவைத்த புழுக்கத்தில் புளிக்கும். அவர் நினைத்ததெல்லாம் அவள் தனியாக என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதைத்தான்.

மூன்றாம் நாள் வெயில் பளிச்சென்று அடித்தது. மருந்து விட்ட கூட்டம் வாசலில் நின்றது. டெஸ்டர் புது பாட்டிலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பழைய பாட்டிலின் மூடியைத் திருகினாள். டப்பென்று தெறித்து மூடி கூரைத் தகரத்தில் அடித்தது. நுரை பொங்கிப் பலகை மேல் வழிந்தது.

"ஐயோ, என்ன இது!"

அதற்குள், மழைக்கு முன்னாலேயே திறந்து வைத்திருந்த இன்னொரு பாட்டிலிலிருந்து ஊற்றிய ஜூஸை வாட்ச்மேன் வாயில் வைத்துவிட்டுத் தூவென்று துப்பினான்.

"என்னம்மா, ஜூஸ் கடையா சாராயக் கடையா? காலங்காத்தால போதை ஏத்தற!"

வரிசையில் இருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். கண்தான் தெரியவில்லையே, மோந்து பார்த்தார்கள். ஒருவர் கீழே கொட்டினார். பின்னால் நின்றவர், "கண்ணு தெரியாதவங்கதானேன்னு பழசைக் கலக்கறாங்கப்பா" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சுக்குங்கண்ணே. என் தப்புதான். ஒத்தைக் கையால பாட்டிலைக் கழுவினேன், சரியாக் கழுவல போல இருக்கு. யாரும் குடிக்காதீங்க, கொட்டிடுங்க" என்று ஒவ்வொரு டம்ளராக வாங்கிச் சாக்கடையில் ஊற்றினாள். அடுத்த பாட்டிலையும் எடுத்து ஊற்றப் போனாள்.

டெஸ்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாட்டில் மேல் பழி போய்விட்டது. அவளே போட்டுக்கொண்டாள். ஸ்டூல் அப்படியே இருக்கும், மிச்ச நாளும் இருக்கும்.

"பாட்டில்ல தப்பில்ல" என்றார்.

"சும்மா இருங்க டெஸ்டர். நான் கழுவினது எனக்குத் தெரியாதா?"

"நீ நல்லாத்தான் கழுவின. பாகுல தண்ணி. நான்தான் ஊத்தினேன்."

அவள் திரும்பினாள். "எவ்வளவு?"

"ஒண்ணுக்கு மூணு."

"நான் அளந்து குடுத்த சர்க்கரை?"

"வீட்டுல இருக்கு."

வாட்ச்மேன் கையைத் தட்டினான். "அடி சக்கை! ஊரையே சந்தேகப்பட்ட பெருசு சர்க்கரைத் திருடனா!"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. அவர் கொண்டுவந்த புது பாட்டிலை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எல்லோரிடமும் பேசுகிற குரலில், மரியாதையாகச் சொன்னாள்.

"எழுந்திருங்கண்ணே. வியாபாரத்தைக் கவனிக்கணும்."

திருடன் என்றது அவருக்கு உறைக்கவில்லை. அண்ணே என்றது உறைத்தது. எழுந்து, பலகைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, வந்த வழியே நடந்தார்.

அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. காலையில் கிளம்பி எதிர்த்திசையில் நடந்து, பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். ஏறப்போகிறவர் என்று நினைத்து பஸ் நிற்கும். இவர் கையை ஆட்டிப் போகச் சொல்லுவார். கட்டுப் பிரித்திருப்பாள். தோல் சேர்ந்திருக்குமா? கையை மடக்க முடிகிறதா? கேட்க உரிமையில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கவேயில்லையே என்பதுதான் அவரை அரித்தது. கேட்டிருந்தாலும் அத்தனை பேர் முன்னால் என்ன சொல்லியிருப்பார்? திருடன் என்பதே அதைவிடக் கௌரவமாக இருந்தது.

மகள் ஒரு நாள் மேல் தட்டைத் துடைக்கும்போது பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். கனத்தில் கை தாழ்ந்தது. திறந்து பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவு சர்க்கரை எங்கேர்ந்து வந்துச்சு?"

"மிஞ்சினது."

"எதுல மிஞ்சினது?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, எப்படியோ, சொல்லிவிட்டார். பாகு, தண்ணீர், மழை, சாக்கடை. ஸ்டூலைப் பற்றியும் சொன்னார், அது தேவையில்லாதது. மிஷின் நின்றிருந்தது. கேட்டு முடித்ததும் மகள் திட்டுவாள், இந்த வயசில் இது என்ன என்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க பொருளை அவங்ககிட்ட குடுத்துட்டு வா" என்றாள். டப்பாவை ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். அவர் செருப்பை மாட்டும்போது, "அந்தச் சட்டையைக் கழட்டு. நீலத்தைப் போட்டுக்க" என்றாள்.

மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனார். வாட்ச்மேன் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கடைக்குப் பின்னால் அடுப்பில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கட்டு இல்லை. மணிக்கட்டில் புதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுங்கியது. அவரைப் பார்த்தாள். மறுபடி கரண்டியைச் சுழற்றினாள்.

அவர் டப்பாவைப் பலகை மேல் வைத்தார். "உன் சர்க்கரை."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தாள். விளிம்புவரை இருந்தது.

"ஒரு கரண்டி கூடவா நீங்க எடுத்துக்கல?"

"எடுத்துக்க நான் என்ன திருடனா?"

"அப்ப எதுக்குப் பண்ணீங்க?"

தெருவில் ஒரு வண்டி போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"சீக்கிரம் தீரணும்னு."

"எது?"

"பாகுதான். தீர்ந்தாத்தானே அடுத்ததை எடுத்துக்கிட்டு வரலாம். இருக்கும்போது நான் எதுக்கு வர்றது?"

அவள் டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பாகு ஒரு கொதி வந்து மேலே எழும்பியது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்தாள். வந்தவள் கோபமாகத்தான் பேசினாள்.

"வாய் எதுக்கு இருக்கு? வரட்டுமான்னு கேட்டிருக்கலாமில்ல?"

"வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

"சொல்லியிருப்பேன்தான். ஒரு ஆம்பளையைக் கடைக்குள்ள உக்கார வச்சு ஊர் வாய்க்கு மெல்லக் குடுக்க எனக்கு என்ன தலையெழுத்தா? ஆனா வேணாம்னு சொன்னாலும் அது நான் சொன்னதா இருந்திருக்கும். நீங்க என்னைச் சொல்லவே விடலை. தண்ணியை ஊத்தி என்னை முட்டாளாக்கினீங்க. சனங்க முன்னாடி பழசைக் கலக்கறவள்னு பேர் வாங்கினேன். இன்னிக்கும் நாலு பேர் மோந்து பார்த்துட்டுத்தான் குடிக்கறாங்க."

அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "தப்பு" என்று மட்டும் சொன்னார். சொன்ன பிறகும் அங்கேயே நின்றார். நிற்கக் காரணம் எதுவும் கையில் இல்லாமல் அவர் அந்தப் பலகை முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை.

அவள் டப்பாவை உள்ளே தூக்கிப்போய்ச் சர்க்கரையைத் தன் பெரிய ஜாடியில் கொட்ட ஆரம்பித்தாள். அந்த மழை ஈரத்தில் அடியில் இறுகிப்போயிருந்தது. தட்டினாள், கரண்டிக் காம்பால் குத்தினாள், விழவில்லை. வெந்த கையை ஒருமுறை உதறிக்கொண்டாள்.

"கை வலிக்குதா?" என்றார். அதை எப்போது கேட்கலாம் என்று அத்தனை நாளாகப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"வேலை செஞ்சா இழுக்குது. மடக்க முடியுது."

"தேங்காயெண்ணெய் தடவு. லேசா."

"தடவறேன்."

கண்ணில் மருந்தோடு ஒருவர் கையைத் துழாவிக்கொண்டு வந்தார். பார்த்து வாங்கண்ணே என்று அவள் பிழியப் போனாள். டெஸ்டர் ஒதுங்கி வழிவிட்டார். வந்தவர் மோந்து பார்த்தார், குடித்தார், போனார். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இவர் இன்னும் நிற்பதைப் பார்த்தாள்.

"டப்பா அடியில ஒட்டிக்கிட்டிருக்கு. தண்ணி விட்டு ஊற வச்சுத்தான் எடுக்கணும். உங்க பொண்ணு டப்பாவாக்கும்?"

"ஆமா."

"நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

"அவசரமில்ல" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நாளைக்கே வர்றேன்."

அவள் ஆறுகிற பாகின் மேல் ஈ உட்காராமல் ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தாள். டெஸ்டர் வெயிலில் இறங்கி நடந்தார். டப்பாவைக் கொடுத்துவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு என்ன என்று பாதி வழியில் தோன்றியது. நின்றார். திரும்பிப் பார்த்தால் கடை தெரியும் தூரம்தான். நாளைக்கு வெறும் கையோடு போய், வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். அது அவருக்கு மெயினை அணைக்காமல் கம்பியைத் தொடுகிற மாதிரி இருந்தது. வீடு வந்து சேரும்வரை என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஒன்றும் சரியாக வரவில்லை.